இரண்டாவது அடையாளம்

உனக்கு எதற்கு அது? வந்தோமா, காபியைக் குடித்தோமா, நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோமா என்றில்லாமல், "பாட்டி, பூரிக்கு ரெண்டாவது அடையாளம் என்ன?" என்று கேட்கிறாயே, நல்ல வீட்டுப் பெண் கேட்கிற கேள்வியா இது? என் வயதைக் கேள், நாலைந்து குறைத்துச் சொல்கிறேன். என் மருமகள் வைக்கிற சாம்பாரைப் பற்றிக் கேள், கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறேன். என் நாயின் இரண்டாவது அடையாளத்தை மட்டும் கேட்காதே. பெற்ற மகனுக்கே நான் அதைச் சொன்னதில்லை.

உன் குட்டிக்குத் தோலுக்கு அடியில் சிப் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அரிசிமணி அளவுதானாம், கருவியை மேலே காட்டினால் நம்பர் வருமாம். நல்ல காரியம். கண்ணுக்குத் தெரியாது, கழன்றும் விழாது. டீ.சி. அம்மா மட்டும் இப்போது இங்கே இருந்திருந்தால் உன் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். தட்டிக்கொடுத்துவிட்டு, "சிப்பு இருக்கட்டும், குட்டியை இப்படித் திருப்பு" என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்திருப்பார்.

அவரைப் பற்றிக் கேள், சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். "பேரை வெச்சு யாரைக் கண்டுபிடிக்க முடியும்? எங்க ஸ்கூல்ல ஒரே கிளாஸ்ல பதினோரு லட்சுமி" என்பார்.

நம் தெருவில் அந்த மஞ்சள் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தார். சாமான் இறக்கிய நாளில் நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டுச் சாமான் வந்து இறங்கினாலும் நான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று சோறு இறங்காது. அந்த அம்மா கையில் ஒரு குட்டை ஸ்டூலோடு ஆட்டோவிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை. நெற்றி, காது, தாடை, கழுத்து என்று அவர் பார்வை இறங்கியது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

"இடது புருவத்துல தழும்பு," என்றார். "அருவாளா?"

"இன்னாது?"

"தழும்பு. அருவா பட்டதா?"

"எங்கக்கா தள்ளி வுட்டா. அம்மிக்கல்லு. நீ இன்னா, போலீஸா?"

"ஆபீஸ்," என்றார். சொல்லிவிட்டு ஸ்டூலோடு மாடி ஏறிவிட்டார்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. தெருவில் யாராவது மரியாதைக்கு டீச்சரம்மா என்று கூப்பிட்டால் அங்கேயே திருத்துவார். "நான் பாடம் நடத்தல. மச்சம் பார்த்தேன்."

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைக்கு டீ.சி. என்று ஒரு காகிதம் தருவார்கள் அல்லவா? அதில் 'அங்க அடையாளங்கள்' என்று போட்டு, ஒன்று, இரண்டு என இரண்டு வரி இருக்கும். உனக்கும் எழுதியிருப்பார்கள், நீ மறந்திருப்பாய். அந்த இரண்டு வரிதான் இந்த அம்மாவின் உத்தியோகம். கூட வேலை பார்த்த கிளார்க், 'வலது கையில் ஒரு மச்சம்' என்று குத்துமதிப்பாக எழுதச் சொல்வாராம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. இந்த அம்மாவுக்கு அது பொய்க்கையெழுத்துப் போடுகிற மாதிரி. பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து, சன்னல் பக்கம் திருப்பி, இரண்டு அடையாளம் கிடைக்கும்வரை விடமாட்டார்.

ஒரு பெண்பிள்ளைக்கு மச்சமும் கிடையாது, தழும்பும் கிடையாது. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தாளாம். காலை மணி அடித்ததும் ஸ்டூலில் ஏறியவள் சாப்பாட்டு மணி வரைக்கும் இறங்கவில்லை. அவள் அப்பா வாசலில் நின்று ரயிலுக்கு நேரமாகிறது என்று கத்துகிறார். தலைமை ஆசிரியர் உள்ளே வந்து கத்துகிறார். இந்த அம்மா அவள் பின்னலை அவிழ்த்துத் தலையை வகிர்ந்து பார்த்தால், ரெட்டைச் சுழி! எழுதினார். அடுத்து உள்ளங்காலில் ஒரு கோதுமை மணி அளவு மச்சம். அதையும் எழுதி, பிள்ளையை இறக்கிவிட்டு, பின்னலையும் தன் கையாலேயே திரும்பப் பின்னி அனுப்பினாராம்.

"எந்தப் பிள்ளையும் மொட்டையா பொறக்கல அக்கா," என்பார் என்னிடம். "பாக்கறவங்களுக்குத்தான் அவசரம்."

வேலை போனாலும் கண் போகவில்லை. கீரைக்காரி, கேஸ் போடுகிறவர், தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசப் போனவர், "தம்பி, உங்களுக்கு ரெண்டு காதும் ஒரே உயரத்துல இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பந்தி முடியும்வரை அந்தப் பையன் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். எதிர்வீட்டில் துணி தேய்க்கிறாளே, நம் அயர்ன்காரி, அவளுக்கு இந்த அம்மா என்றாலே நடுக்கம். "அந்தம்மா பாத்துச்சுன்னா எனக்கு மேல துணியே இல்லாத மாரி கீதுக்கா" என்று முந்தானையை இழுத்துக்கொள்வாள். டீ.சி. அம்மா என்று முதலில் பெயர் வைத்தவளும் அவள்தான். கேலிக்கு வைத்த பெயர்தான். பிறகு நாங்கள் எல்லோரும் அதை மரியாதைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

பூரியை உனக்கு இப்போது கிழவியாகத்தான் தெரியும். அன்றைக்கு அவள் உப்பிய பூரி மாதிரியே இருப்பாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்த குட்டியை நான்தான் எடுத்து வளர்த்தேன். இந்த நூம்பல் ஊரில் நாய்கள் எல்லாம் ஒரே துணிக்கட்டில் கிழித்த துண்டு மாதிரி, செம்பழுப்பு. என் மகன் அவளுக்குச் சிவப்பு பெல்ட் வாங்கி, பித்தளை வில்லையில் என் போன் நம்பரை வெட்டி மாட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் நம்பர் எனக்கே மனப்பாடம் கிடையாது. யாராவது கேட்டால் நாயைக் கூப்பிட்டுக் கழுத்தைக் காட்டுவேன்.

டீ.சி. அம்மாவிடமும் காட்டினேன். அவர் குனிந்து வில்லையைப் படித்தார். தலையாட்டினார். அப்புறம் பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "இப்போ சொல்லுங்க. இது யார் நாய்?" என்றார்.

"என் நாய்தான். இன்னா கேள்வி இது?"

"நீங்க சொல்றீங்க. நாய் சொல்லலியே. பெல்ட்டு இருக்கட்டும் அக்கா, கண்டவங்க போன் பண்ண அது வேணும். ஆனா பெல்ட்டு கழண்டுச்சுன்னா, பெல்ட்டு யாருதுன்னுதான் தெரியும். ஸ்டூலை எடுத்துட்டு வரேன், இருங்க."

மூன்று மத்தியானம் நடந்தது அந்தப் பரீட்சை. ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு சீப்பு, ஒரு டார்ச் லைட். பூரியை ஸ்டூலில் ஏற்றி மயிரை வகிர்ந்து, காதைத் திருப்பி, நகத்தை எண்ணி, பல்லைப் பார்த்து, அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முதல் அடையாளம் முதல் நிமிஷத்திலேயே கிடைத்துவிட்டது. இடது முன்னங்காலில் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. அது குருடனுக்கும் தெரியும். இரண்டாவது மூன்றாம் நாள்தான் கிடைத்தது. கிடைத்ததும் அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த முகம் இருக்கிறதே, பொண்ணு கலெக்டர் ஆனால்கூட ஒருத்திக்கு அப்படி முகம் வராது. கிட்டே வரச்சொல்லிக் காட்டினார். ஐந்து வருஷம் அந்த நாயைக் குளிப்பாட்டிய கை இது. நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

கோடு போட்ட தாளில் ஸ்கேல் வைத்து டீ.சி. மாதிரியே கட்டம் போட்டார். பெயர்: பூரி. பாலினம்: பெண். நிறம்: செம்பழுப்பு. அங்க அடையாளங்கள், இரண்டு வரி. 'நடத்தை' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"நன்றுன்னு போடு," என்றேன்.

"என் செருப்பைத் தின்னுச்சே போன மாசம்?"

"ஒத்தச் செருப்பு தானேம்மா. இன்னொன்னு கீது இல்ல?"

'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முதல் அடையாளம் ஊருக்கு. ரெண்டாவது உங்களுக்கும் எனக்கும். இவ தொலைஞ்சா முதல் அடையாளத்தை எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ரெண்டாவதை மூச்சு விடாதீங்க. நாய் என்கிட்ட இருக்குன்னு யார் வந்து நின்னாலும், அவங்க வாயிலேர்ந்து ரெண்டாவது வரணும். நாமளே சொல்லிட்டோம்னா அப்புறம் எதை வெச்சுக் கேப்போம்?"

என்னைப் பார்த்து இதைச் சொல்கிறார்! மருமகள் மாசமான சேதி அவள் புருஷனுக்குத் தெரியும் முன்னே தெருவுக்குத் தெரியவைத்த வாய் இது. அந்த ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு, பிரசவத்தில்கூடப் படவில்லை. ஆனால் சொல்லவில்லை. தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

"நாய்க்குக்கூட டீ.சி. ஆயிடுச்சு. எனக்குத்தான் இல்ல," என்று ஒருநாள் சும்மா சொன்னேன். ரெண்டாம் வகுப்பில் நாற்று நட இழுத்துக்கொண்டு போனபோது எனக்கு யார் டீ.சி. கொடுத்தார்கள்? அப்போது இங்கெல்லாம் வயல். உன் சமையலறை இருக்கிற இடத்தில்தான் நட்டேன், கொஞ்சம் மரியாதையாக மிதி அங்கே. டீ.சி. அம்மா என் கழுத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் தீபாவளிக்குத்தான் அது நடந்தது. மூலை வீட்டில் பத்தாயிரம் வாலாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் அடங்கிப் புகை விலகியபோது எங்கள் கேட் கம்பியில் சிவப்பு பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளை வில்லை ஆடிக்கொண்டிருந்தது, என் நம்பரோடு. நாயைக் காணோம். கம்பி இடுக்கில் தலையை விட்டு, பெல்ட்டை உரித்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

என் மகன் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 'செம்பழுப்பு, பெண், இடது முன்னங்காலில் வெள்ளை' என்று மட்டும் எழுத வைத்தார் டீ.சி. அம்மா. மறுநாளிலிருந்து என் போன் ஓயவில்லை. அவர் என் வீட்டிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தோடு போனை எடுத்தார். வெள்ளைக்கால் நாய் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூந்தமல்லியில் ஒன்று, திருவேற்காட்டில் ஒன்று, அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீன் வாசலில் இரண்டு.

மூன்றாம் நாள் ஆவடியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஆவடி குவார்ட்டர்ஸ்லேர்ந்து பேசறேங்க. எங்க மாடிப்படிக்கு அடியில ஒரு நாய் வந்து படுத்துகினு கீது. லெஃப்ட் கால்ல வெள்ளை. உங்க போட்டோ மாரியே கீது."

"வேற என்ன இருக்கு அதுகிட்ட? மெதுவா பாத்துச் சொல்லும்மா. அவசரம் இல்ல."

"அவசரம் இல்லியா? நாய் உங்களுது தானே?"

"அதைத்தான் பாக்கறோம். டார்ச் இருக்கா?"

அந்தப் பெண் பாவம், டார்ச் எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே போனாள். "வாலு நுனியில... வெள்ளை பெயின்ட்ல தோச்சு எடுத்தா மாரி கீது. வலது காது நுனி மடிஞ்சு கீது. வேற ஒண்ணும் தெர்லீங்க."

டீ.சி. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இல்லை. "எங்களுது இல்லம்மா. ஆனா விரட்டிடாத. நாலு நாளைக்குச் சோறு போடு, புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தார். வால் நுனி, காது மடிப்பு, மாடிப்படி, போன் நம்பர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் நாயைக் காணோம். நீ இன்னாடான்னா ஊர் நாய்க்கெல்லாம் ஜாதகம் எழுதிகினு கீற!"

"இதுவும் யாருக்கோ தொலைஞ்சதுதானே அக்கா," என்றார், எழுதிக்கொண்டே.

ஆறாம் நாள் அயர்ன்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வேலப்பன்சாவடி ரோட்டில் புதிதாக வந்த ஃப்ளாட்டுக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில் பூரியைப் பார்த்தாளாம். நீல பெல்ட் போட்டிருக்கிறதாம். ஷாம்பு வாசனை அடிக்கிறதாம். "நான் பூரின்னு கூப்ட்டேங்கா. வாலை ஆட்டுச்சு!"

"நீ புண்ணாக்குன்னு கூப்ட்டாலும் ஆட்டும்," என்றேன். ஆனால் அதற்குள் செருப்பு என் காலில் இருந்தது.

போனோம். டீ.சி. அம்மா, நான், அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்த தாள். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு சின்னப் பெண் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஊர் திருநெல்வேலிப் பக்கம், தனியாக இருக்கிறாள். பூரி என்னைப் பார்த்துத் தாவி வந்து முகத்தை நக்கினாள். எனக்கு உயிர் வந்தது. உடனே அந்தப் பெண்ணிடம் ஓடி அவள் முகத்தை நக்கினாள். அப்புறம் வாட்ச்மேன் முகத்தை. நன்றி கெட்ட கழுதை! 'திருப்தி' என்று எழுதியதே அதிகம் என்று அப்போது தோன்றியது.

"இது எங்க கோக்கோ பாட்டி," என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. "ஒரு மாசம் முன்னாடிதான் ரோட்டுல கெடந்தவளை எடுத்து வளக்கேன். தீபாவளிக்கு வெடிக்குப் பயந்து ஓடிட்டா. நாலு நாள் தேடினேன். கேட் பக்கத்துல வந்து நின்னா, நான்தான் கூட்டிட்டு வந்தேன். கோக்கோன்னு கூப்ட்டதும் வந்தா."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஒரே தீபாவளியில் இரண்டு பழுப்பு நாய் தொலைந்து, அவள் கதவுக்கு என்னுடையது வந்திருக்கிறது. தேடித் தேடி ஓய்ந்தவள் கண்ணுக்கு அதுவே அவளுடையதாகத் தெரிந்திருக்கிறது. மெலிஞ்சு போய்ட்டா, அதான் வேற மாதிரி இருக்கா என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஃப்ளாட் சங்கச் செயலாளர் என்று ஒரு பெரியவர் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா. "ரெண்டு பேரும் பேப்பரைக் காட்டுங்க," என்றார். என்னிடம் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டு இருந்தது. அதில் 'பழுப்பு, பெண்' என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணிடமும் சீட்டு இருந்தது. அதிலும் 'பழுப்பு, பெண்'. நான் கோடு போட்ட தாளை எடுத்து நீட்டினேன். இரண்டாவது வரியை டீ.சி. அம்மா முன்கூட்டியே மடித்து ஊசியால் குத்தி வைத்திருந்தார்.

பெரியவர் படித்தார். 'நடத்தை: திருப்தி' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். "என்னம்மா இது, நாய்க்கு டீ.சி.யா? கையெழுத்து வேற! நாங்க என்ன, நாயை அஞ்சாங்கிளாஸ்ல சேக்கப் போறோமா?"

வாட்ச்மேனும் சிரித்தார். எனக்கு அந்த ஆளின் மூன்று பேனாவையும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. இந்தத் தாள் செல்லாது என்றால் நாய் போயிற்று. அதோடு இந்த அம்மாவின் முப்பது வருஷமும் போயிற்று. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார். பள்ளிக்கூட ஆபீசில் கத்துகிறவர்களுக்கும் சிரிக்கிறவர்களுக்கும் காத்திருந்து பழக்கம் போல.

"நீ முதல்ல சொல்லும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "உன் கோக்கோவுக்கு என்ன அடையாளம்?"

"பிரவுன்... இந்த வெள்ளைக் கால்... அப்புறம் ரொம்பப் பாசமா இருப்பா."

"பாசம் அடையாளம் இல்லம்மா. எல்லா நாய்க்கும் இருக்கு. வேற?"

அவள் யோசித்தாள். நாயைப் பார்த்தாள். "தெரியலையே," என்றாள், மெதுவாக.

டீ.சி. அம்மா ஊசியை எடுத்து மடிப்பைப் பிரித்து, தாளைப் பெரியவர் கையில் மட்டும் கொடுத்தார். "சத்தமா படிக்காதீங்க சார். நீங்களே பாத்துட்டு, இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் எங்கே பார்த்தார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். தரையில் மண்டியிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சட்டை அழுக்கானது, பூரி அவர் காதை நக்கினாள். அவ்வளவுதான் சொல்வேன். எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இருக்கு," என்றார். தாளை இன்னொரு தடவை பார்த்தார். "எழுதினபடியே இருக்கு. ஒரு எழுத்து மாறல."

அந்தப் பெண் குனிந்து நீல பெல்ட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். என்னடா இது, ஜெயித்தால் கொஞ்ச நேரமாவது சந்தோஷப்பட விடுகிறார்களா?

டீ.சி. அம்மா பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கோக்கோ போட்டோ இருக்கா உன் போன்ல? அழுதுட்டே காட்டு, பரவாயில்ல."

போட்டோ நூறு இருந்தது. எல்லாவற்றிலும் இந்தப் பெண்ணின் முகமும் நாயின் மூக்கும்தான். காலையும் காணோம், வாலையும் காணோம். கடைசியில் ஒரு வீடியோ. நாய் திரும்பி ஓடுகிறது. "நிறுத்து!" என்றார் அந்த அம்மா. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வால் நுனியில் வெள்ளை. பெயின்ட்டில் தோய்த்து எடுத்த மாதிரி.

பையிலிருந்து நோட்டை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "வலது காது நுனி மடிஞ்சிருக்குமா உன் நாய்க்கு?"

"ஆமா! தூங்கி எந்திரிச்சா மட்டும் மடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்..."

"எப்பவும் மடிஞ்சிருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸ், மாடிப்படிக்கு அடியில. சோறு போடச் சொல்லியிருக்கேன்." போனை அழுத்தி அந்தப் பெண் கையில் கொடுத்தார். "பேசு."

மூன்று பேனாக்காரர் தானே காரை எடுத்தார். எங்களையும் ஏற்றிக்கொண்டார். ஆவடி போகிறவரைக்கும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் கோக்கோ அந்தப் பெண்ணைக் கண்டதும் போட்ட கூச்சலில் நாலு மாடியிலும் சன்னல் திறந்தது. இறங்கும்போது பெரியவர் கேட்டார்: "அம்மா, எங்க ஃப்ளாட்ல பதினாலு நாய் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை வர முடியுமா?"

"வரேன். ஸ்டூல் மட்டும் யாராவது தூக்கணும்."

"நான் தூக்கறேன்," என்றார்.

தூக்கினார். நான் என் கண்ணால் பார்த்தேன். பதினாலு நாய்க்கும் இரண்டிரண்டு அடையாளம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தாங்கள் வளர்க்கிற நாயை அன்றுதான் முதல் தடவை பார்த்தார்கள். நடத்தையில் 'நன்று' வாங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் பல் இல்லாத கிழ நாய்.

தெருவில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், பூரியின் இரண்டாவது அடையாளம் என்னவென்று. அயர்ன்காரியிடம் நாக்கில் கறுப்பு மச்சம் என்றேன். பால்காரரிடம் வயிற்றில் வேல் வடிவம் என்றேன். என் மருமகளிடம், அடையாளம் ஒன்றுமில்லை, எனக்குத் தெய்வம் கனவில் சொன்னது என்றேன். அவள் மட்டும்தான் நம்பினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, முட்டிவலி முற்றிப்போய், மாடி ஏற முடியாமல், டீ.சி. அம்மா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றும்போதும் நான் வாசலில்தான் நின்றேன். அன்றைக்கு வேடிக்கை பார்க்க முடியவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு மடித்த தாளை என் கையில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சு அக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு உங்களுக்கு. ஸ்டூல்ல உக்காந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

கோடு போட்ட தாள். ஸ்கேல் வைத்த கட்டம். எழுத்துக் கூட்டி நானே படித்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. பெயர் இருந்தது. படித்த வகுப்பு: இரண்டு. அங்க அடையாளம் ஒன்று: இடது புருவத்தில் தழும்பு. இரண்டு... அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, இரண்டு கண்ணாடியை முன்னும் பின்னும் வைத்துக் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷமாக என்னோடேயே இருந்திருக்கிறது. என்னைப் பெற்றவள் சொல்லவில்லை. கட்டியவர் பார்க்கவில்லை. நடத்தை: மிக நன்று. அவர் செருப்பை நான் தின்னவில்லை அல்லவா!

அன்று சாயங்காலமே அந்தத் தாளைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். வகுப்பைக் காட்டினேன், நடத்தையை இரண்டு தடவை காட்டினேன். இரண்டாவது வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அயர்ன்காரி என் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"எடும்மே கையை," என்றேன். "முதல் அடையாளம் உங்களுக்கு. ரெண்டாவதைச் சொல்ல மாட்டேன். நாளைக்கே நான் தொலைஞ்சு பூட்டேன்னு வெச்சுக்க, எவனாவது ஒரு கெழவியை இட்டாந்து இதான் உங்க பாட்டின்னு தள்ளிட்டுப் பூட்டான்னா, இன்னா பண்ணுவீங்க? கீழ ஓசூர் நம்பர் எழுதி கீது பாரு. போன் போடுங்க. அவங்க சொல்லுவாங்க, வந்து நிக்கறது நான்தானான்னு."